சத்தம் வந்த பக்கம்

சூலக்கரை கலெக்டர் ஆபீசில் "ஆட்சேபணை உண்டு" என்று நான் சொல்லிவிட்டு வந்ததிலிருந்து வீட்டில் யாரும் எனக்கு முகம் கொடுப்பதில்லை. உங்களில் சிலர்கூடக் கடை வாசலில் ஒதுக்கி நிறுத்திக் கேட்டுவிட்டீர்கள். "தம்பி மகன் பேருக்கு ஒரு துப்பாக்கி லைசென்ஸ் மாறுனா உனக்கு எங்க வலிக்குது?" நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. பெண் பார்க்க வந்தவர்கள் ஊமையோ என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போன கதை உங்களுக்கே தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றாலும் எழுத்து மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அதனால் எழுதுகிறேன். தீப்பெட்டி ஒட்டியே விரல் தேய்ந்தவர்கள் நீங்கள். பிள்ளைகளைப் பட்டாசுக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் உலை வைத்தவர்கள். வேறு சீமைக்காரர்களுக்கு இதைச் சொன்னால் விளங்காது. உங்களுக்கு விளங்கும்.

அந்தத் துப்பாக்கி என் அப்பாவுடையது. அப்பா எம். புதுப்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் காவல்காரராக இருந்தார். நிலம் வைத்திருந்த சம்சாரிகள் சேர்ந்து அவரை வைத்திருந்தார்கள். பன்றி வந்து பயிரை உழப்பிவிட்டுப் போகும் காலம் அது. அதற்காகச் சர்க்காரில் எழுதிப் போட்டு, அவர் பேருக்கே லைசென்ஸும் வாங்கித் தந்தார்கள்.

இரட்டைக்குழல் துப்பாக்கி. இப்போது போலத் தோட்டா போடுவது இல்லை. குழல் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, அதன் மேல் தேங்காய் நார் வைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும். பிறகு ஈயக் குண்டு, அதன் மேல் மறுபடியும் நார். நாரைப் பிய்த்துப் பந்தாகச் சுருட்டித் தருவது என் வேலை. கட்டையில் வேப்பெண்ணெய் தடவி அப்பா துடைப்பார். வெடித்து வந்த மறுநாள் குழலை முகர்ந்தால் அழுகின முட்டை வாடை அடிக்கும். பின்னாளில் அந்த வாடையிலேயே நாம் எல்லாரும் வாழப்போகிறோம் என்று அன்றைக்கு யார் கண்டது?

அப்பா இரண்டு குழலுக்கும் பேர் வைத்திருந்தார். இடது குழலுக்கு வாய் என்று பேர். வலது குழல் கை. வாயில் வெறும் மருந்தும் நாரும்தான் இருக்கும், குண்டு இருக்காது. கையில்தான் குண்டு. காட்டில் அசைவு கேட்டால் முதலில் "யாரது?" என்று சத்தம் கொடுப்பார். பதில் இல்லையென்றால் வானத்தைப் பார்த்து வாயை வெடிப்பார். பன்றியானால் ஓடும், திருடனானாலும் ஓடுவான். ஓடுகிறதைச் சுடவே கூடாது என்பார். "வாய் சொன்னதுக்கு அப்புறமும் நம்ம மேல வந்தாத்தான் கை." எத்தனையோ பன்றி மேல் அவருடைய கை பட்டிருக்கிறது. மனுசன் மேல் பட்டதில்லை.

வெறும் துப்பாக்கியாக இருந்தாலும் எங்கள் பக்கம் திருப்ப மாட்டார். குழல் எப்போதும் கூரையைப் பார்த்துத்தான் நிற்கும். மருந்து மாட்டுக்கொம்பில் அடைத்து மாட்டுக்கொட்டத்தில் தொங்கும். விசையை இழுத்துக் குதிரை என்கிற சுத்தி வந்து அடித்ததும் தீப்பொறி கிளம்புவதற்கு ஒரு சின்னச் செப்புக் கேப்பு மாட்டுவார்களே, அதெல்லாம் அம்மாவிடம். மூடியில் கிளிப் படம் போட்ட ஒரு தகர டப்பா. அதை அம்மா உறியில் மோர்ப்பானைக்கு மேலே ஒளித்து வைத்திருப்பாள். சாயங்காலம் காவலுக்குப் போகும்போது அப்பா கையை நீட்டுவார், அம்மா எடுத்துக் கொடுப்பாள். காட்டிலும் வாய்க்கு மட்டும்தான் மாட்டியிருக்கும், கைக்கு உள்ளதை வேட்டி முடிச்சில் வைத்திருப்பார். காலையில் வந்ததும் கழற்றி அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் பல் துலக்கப் போவார். இந்த ஏற்பாட்டைச் செய்தது அம்மா இல்லை, அப்பாதான். "எனக்குக் கோவம் வரும். அது எனக்கே தெரியும்" என்பார்.

ஒரு தடவை கிணற்றுத் தண்ணீர் முறைக்காகப் பெரியப்பாவோடு சண்டை. மத்தியானம் அப்பா வியர்த்து ஊற்ற வந்து நின்றார்.

"கேப்ப எடு."

அம்மா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எதுக்கு? பட்டப்பகல்ல பன்னியா வந்துருக்கு?"

"ஆமா, பன்னிதான்."

"எந்தப் பன்னி, உங்க கூடப் பெறந்ததா?"

"எடுன்னா எடு."

"சோத்தத் தின்னுட்டுக் கேளுங்க. தின்னதுக்கு அப்புறமும் சுடணும்னு தோணுச்சுன்னா நானே எடுத்து மாட்டித் தாரேன். உங்கண்ணன் எங்கயும் ஓடிப் போயிற மாட்டாக, அங்கனதான் இருப்பாக."

அப்பா உட்கார்ந்தார், சாப்பிட்டார், துண்டை விரித்துப் படுத்தவர் எழுந்திருக்கும்போது பெரியப்பாவே வெற்றிலைப் பையோடு வாசலில் இருந்தார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்பா கண்ட மாதிரி துப்பாக்கியைத் தூக்கித் திரிந்தவர் இல்லை. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அவருக்குத் துரோகம்.

அந்த மார்கழிக்கு வருகிறேன். மழை நன்றாகப் பெய்து சோளம் ஆளை மறைத்து நின்ற வருசம். கதிர் முற்றி வரும் நேரத்தில் ஒரு கூட்டம் கிளம்பியிருந்தது. விடியுமுன் அரிவாளோடு காட்டுக்குள் இறங்கிக் கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு போய்விடும். ஆமத்தூர்ப் பக்கத்தில் ஒரு காவல்காரர் தடுக்கப் போய், அவர் கையை வெட்டிவிட்டார்கள். அவர் அப்பாவுக்குச் சிநேகிதர். பார்த்துவிட்டு வந்த அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "கை தொங்குது" என்றார்.

மறுநாள் காலையில் காவலிலிருந்து வந்தவர் இரண்டு குழலிலும் மாட்டியிருந்த கேப்பைக் கழற்றித் தரவில்லை. அம்மா கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இருக்கட்டும்" என்றார்.

"புள்ளைக இருக்கிற வீடு."

"ஆமத்தூர்க்காரன் பெஞ்சாதியும் கேப்ப வாங்கி வச்சவதான். எங்க பளக்கத்தப் பாத்துத்தான் அவனும் வச்சிருந்தான். இப்பப் பகல்லயும் எறங்குறாங்க. சோளக்கொல்லைக்குள்ள வச்சு வெட்டிருக்காங்க. அப்ப வெறுங்கம்ப வச்சுக்கிட்டு நின்னுருக்கான்."

அம்மா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். கிளி டப்பா காலியாக உறியில் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அது எங்கே போனது என்று தெரியவில்லை. வீடு மாறும்போது தேடினேன், கிடைக்கவில்லை.

அப்போதுதான் எங்கள் சோளக்காட்டுக்குக் கிழக்கே முதன்முதலாக ஒரு பட்டாசுக் கம்பெனி வந்திருந்தது. வெள்ளை அடித்த சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. ஊரில் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், கோழிக்கூடு கட்டியிருக்கிறான் என்று. என்னோடு படித்த கூட்டாளி ஒருத்தி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவள் அம்மாவோடு அங்கே வேலைக்குப் போனாள். இருட்டோடு போய் இருட்டோடு வருவார்கள். விரல் முழுக்க வெள்ளிப் பொடி அப்பி மினுங்கும். எனக்கு அதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். ஒரு தடவை என் கன்னத்தில் விரலை வைத்து அழுத்தினாள். கழுவ மனசில்லாமல் ராத்திரி வரைக்கும் வைத்திருந்தேன்.

அவள் அப்பா புல்லுக்காரர். வரப்புப் புல்லை அறுத்து வண்டிக்காரர்களுக்குக் கொடுத்துப் பிழைப்பவர். அப்பாவை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் சாயங்காலம் புல்லுக்கட்டை எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, அப்பா கம்பியால் குழலை இடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்ணே, நீங்க மருந்து தெரிஞ்ச ஆளு. ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுலே."

"அங்கன புள்ளைய விட்டுருக்கேன். உங்க கொம்புல இருக்கிறதே எம்புட்டு? அதுக்கே இந்தச் சத்தம் போடுது. அங்கன மூடை மூடையா வச்சிருக்கானாம். எனக்கு எந்நேரமும் காது அந்தப் பக்கமே கெடக்கு. புல்லறுக்க ஓடமாட்டேங்குது."

அப்பா சிரித்தார். "ஒண்ணும் ஆகாதுலே. உம் மகள விட அந்த மருந்துமேல மொதலாளிக்குப் பாசம் சாஸ்தி. பத்திரமாத்தான் வச்சிருப்பான்."

"ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா உன் காதுக்குக் கேக்காமயா போகும்? ஓடிப்போயி மகளத் தூக்கிட்டு வந்துரு. போ, வண்டிக்காரன் காத்திருப்பான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் நாரை உருட்டிக்கொண்டிருந்தேன். அவர் புல்லுக்கட்டைத் தூக்கும்போது கழுத்து நரம்பு புடைத்ததும், கட்டிலிருந்து கோரைப் பூ என் மடியில் உதிர்ந்ததும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

கதிர்த் திருட்டு பெருத்ததும் சம்சாரிகள், அறுப்பு முடியும் மட்டும் யாரும் வரப்பில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதைப் புல்லுக்காரரிடம் அப்பாவே சொன்னார். "கொஞ்ச நாளு பொறுலே, அப்புறம் வா." அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆனால் வண்டி மாடு பொறுக்காது, புல்லுக்காரர் வீட்டு அடுப்பும் பொறுக்காது.

பனி இறங்கி எதிரே நிற்கிற ஆள் தெரியாத ஒரு விடியற்காலம். அம்மா சாணம் கரைத்துக்கொண்டிருந்தாள். நான் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றேன். காட்டுப் பக்கம் ஒரு சத்தம். அம்மா நிமிரவில்லை. அது வாய் போட்ட சத்தம், வாரத்துக்கு இரண்டு தடவையாவது கேட்போம். அவள் தண்ணீரை ஒரு கை தெளித்திருப்பாள். இரண்டாவது சத்தம். அது வேறு மாதிரி, கனமாக இருந்தது. அம்மா கையிலிருந்து செம்பு விழுந்து வாசல் முழுக்க உருண்டது.

"பன்னியா இருக்கும்மா" என்றேன்.

"பன்னியாவே இருக்கணும்" என்றாள்.

அப்பா துண்டு இல்லாமல், துப்பாக்கி இல்லாமல் வந்தார். வாசலில் உட்கார்ந்தார். "நம்ம புல்லுக்காரன்" என்றார். "வண்டி கட்டச் சொல்லு." வண்டி சிவகாசி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

என்ன நடந்ததென்று அப்பா வீட்டிலும் போலீசிலும் கோர்ட்டிலும் ஒரே மாதிரிதான் சொன்னார். அவர் காட்டின் கிழக்கு வரப்பில் நின்றிருந்தார். முதுகுக்குப் பின்னால் கம்பெனி. எதிரே மேற்கில் பனிக்குள் சரக் சரக்கென்று அறுக்கிற சத்தம். "யாரது?" என்று கேட்டார். அறுப்பு நின்றது, பதில் வரவில்லை. மறுபடியும் கேட்டார், இல்லை. வானத்தைப் பார்த்து வாயை வெடித்தார். ஓடுகிற காலடி கேட்கும் என்று நின்றார். காலடி கேட்டது. ஆனால் தூரப் போகவில்லை. தடதடவென்று அவரைப் பார்த்தே வந்தது. தலையில் முண்டாசு, கையில் அரிவாள், வாயில் என்னவோ கத்தல். பனியைக் கிழித்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டது. ஆமத்தூர்க்காரரின் தொங்குகிற கைதான் கண் முன்னால் வந்தது என்றார். முடிச்சை அவிழ்க்க வேண்டியதில்லை, கைக்கும் கேப்பு ஏற்கெனவே மாட்டித்தானே இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததாக எனக்கு நினைவில்லை. எரிந்துதான் இருக்கும், தம்பி கைப்பிள்ளை. போலீஸ் துப்பாக்கியையும் அப்பாவையும் கொண்டுபோனது. அம்மா ஒரு நாள் முந்தானைக்குள் அரிசியை வைத்துக்கொண்டு புல்லுக்காரர் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள் இருக்கிற அரவம் கேட்டது. அம்மா படியில் உட்கார்ந்து, கதவைப் பார்த்துக்கொண்டே, "நான் அத வாங்கி வச்சிருக்கணும், நான் அத வாங்கி வச்சிருக்கணும்" என்று முனகினாள். உள்ளே அதைக் கேட்டவர்களுக்கு என்ன விளங்கியிருக்கும்? அரிசியைப் படியில் கொட்டிவிட்டு வந்தோம். மறுநாள் கோழிகள் அதைக் கொத்திக்கொண்டிருந்தன.

கூட்டாளியைத் தெருவில் ஒரே ஒரு முறை எதிரில் பார்த்தேன். வெள்ளி விரலோடு நின்றாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று நானும் நான் சொல்வேன் என்று அவளும் நின்றிருப்போம் போல. எனக்குத்தான் பேச்சு வராதே. ஊரில் பேச்சு வேறு மாதிரி கிளம்பியிருந்தது. "தடுத்தும் வந்து அறுத்திருக்கான்னா கதிர்க் கூட்டத்துல இவனும் ஒருத்தன்தான்." புல்லுக்கட்டு வரப்பிலேயே கிடந்ததைப் பார்த்தவர்கள்கூட அப்படித்தான் பேசினார்கள்.

கோர்ட்டுக்கு அம்மா என்னையும் கூட்டிப் போனாள். எங்கள் வக்கீல் சொன்னது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். "எச்சரிக்கை கொடுத்திருக்கிறார். மேலே பார்த்து வெடித்திருக்கிறார். ஓடுவதற்கு மூன்று பக்கமும் திறந்த காடு. இருந்தும் அரிவாளோடு துப்பாக்கியைப் பார்த்தே ஓடி வந்தான் என்றால் எதற்கு வந்திருப்பான்?" புல்லுக்காரர் சம்சாரத்தைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள், உன் புருசன் ஏன் தப்பி ஓடவில்லை என்று. அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அந்தக் கையிலும் வெள்ளிப் பொடி. "தெரியலைங்க" என்றாள். "தெரியலைங்க சாமி."

தற்காப்பு என்று தீர்ப்பாகி அப்பாவை விட்டுவிட்டார்கள். கூட்டாளியும் அவள் அம்மாவும் ஊரை விட்டுப் போனார்கள். திருடன் பெண்டாட்டி, திருடன் மகள் என்ற பேரோடுதான் போனார்கள்.

அப்பா காவல் வேலையை விட்டுவிட்டுத் தீப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றப் போனார். துப்பாக்கி திரும்பி வந்தது. சாக்கில் சுற்றிக் கட்டிப் பரணில் போட்டார். பின்னால் தம்பி வளர்ந்து தன் பேருக்கு மாற்றிக்கொண்டான். அப்பா அதைத் தொடவில்லை, தொடாதே என்று தம்பியிடம் சொல்லவும் இல்லை. சோற்றில் கை வைத்தபடி திடீரென்று கேட்பார்: "அம்புட்டுக் காடு கெடந்துச்சு. அவன் ஏன் எதுக்க வந்தான்?" அம்மா பதில் சொல்ல மாட்டாள். கல்யாணமாகி நான் வந்துபோகும்போதும் இதே கேள்வி. படுக்கையில் விழுந்து கண் தெரியாமல் போன பிறகும், யாராவது கிட்டே வந்தால், "ஏன்லே எதுக்க வந்த?" என்பார். அவன் வெட்டத்தான் வந்தான் என்று கோர்ட்டே சொல்லிவிட்ட பிறகும் அவருக்கு அது போதவில்லை. அந்தக் கேள்வியோடேயே போய்ச் சேர்ந்தார்.

நாலைந்து வருசத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மத்தியானம். ஆட்டுக்கு வேலியோரம் குழை அறுத்துக்கொண்டிருந்தேன். பூமி அதிர்ந்து காது அடைத்தது. மேற்கே மகள் வேலை பார்க்கும் கம்பெனிப் பக்கம் கறுப்பும் வெளுப்புமாகப் புகை. நான் ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியாது. உங்களில் பாதிப்பேர் அன்றைக்கு என்னோடு ஓடினீர்கள். நினைத்துப் பாருங்கள், ஒருத்தராவது எதிர்த் திசையில் ஓடினோமா? அடுத்த அறையும் வெடிக்கும் என்று தெரியாதா நமக்கு? தெரியும். தெரிந்தேதான் ஓடினோம். நான் கத்திக்கொண்டு ஓடினேன் என்று பிறகு சொன்னார்கள். என்ன கத்தினேன் என்று யாருக்கும் விளங்கவில்லையாம்.

வாசலில் ஒரு வெளியூர்ப் போலீஸ்காரர் கையை விரித்து மறித்தார். "கெழவி, கையில என்ன? மொதல்ல அருவாளக் கீழ போடு."

குனிந்து பார்த்தேன். என் கையில் அரிவாள் இருந்தது.

பனியில் முண்டாசோடு ஓடிவந்தவரை நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். "ஓடிப்போயி மகளத் தூக்கிட்டு வந்துரு" என்று அப்பா சொல்லிச் சிரித்ததும், மடியில் உதிர்ந்த கோரைப் பூவும், எல்லாம் ஒன்றாக வந்தது. அப்பா நின்ற இடம் கிழக்கு. அவருக்குப் பின்னால் கம்பெனி. பனிக்குள் இருந்தவருக்குச் சத்தம் கம்பெனிப் பக்கமிருந்துதான் கேட்டது. அப்பாவைப் பார்த்து அவர் ஓடிவரவே இல்லை. அப்பா குரல் கொடுத்ததுகூட அந்தச் சத்தத்தில் அவருக்கு மறந்திருக்குமோ என்னவோ.

என் மகள் புளியமரத்தடியில் முகமெல்லாம் சாம்பல் அப்பி உட்கார்ந்திருந்தாள். பிழைத்துவிட்டாள். அவளோடு போன எல்லாரும் பிழைக்கவில்லை, உங்களுக்குத் தெரியும். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "எனக்குத்தான் ஒண்ணும் ஆகலயேம்மா" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். யாருக்கெல்லாம் அழுகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்ல?

கூட்டாளி ஆமத்தூரில் மகன் வீட்டில் இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டு போனேன். வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைச் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டாள். "உக்காரு" என்றாள். அரைநாள் பேசாமலே அவளோடு கடலை உடைத்தேன். பிறகு எங்கிருந்தோ வந்தது பேச்சு.

"உங்கப்பா வெட்ட வரல. திருடவும் வரல. உன்னயத் தூக்கத்தான் ஓடி வந்தாரு."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்."

"எப்ப இருந்து?"

"என் மூத்த பய வேலைக்குப் போன வருசம் ஒரு சத்தம் கேட்டு ஓடுனேன். பாதி வளியில தெரிஞ்சுபோச்சு. அங்கனயே உக்காந்துட்டேன்."

"ஏன் யாருகிட்டயும் சொல்லல புள்ள?"

"தெரியவேண்டியவ எங்கம்மா. அவ அதுக்கு முந்தியே போயிட்டா. எம் புருசன் ஏன் ஓடலன்னு கேட்டுக்கேட்டே போனா. மத்தவகளுக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

எங்கள் வீட்டில் ஒருவர், அவர்கள் வீட்டில் ஒருத்தி. இரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே செத்திருக்கிறார்கள்.

நான் கிளம்பும்போது கடலையை முடிச்சாகக் கட்டிக் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கையை விடாமல் கேட்டாள், "அந்தத் துப்பாக்கி இன்னும் இருக்கா?"

"தம்பி வீட்டுல இருக்கு."

"ம்" என்றாள்.

போன வருசம் தம்பி காலமானான். துப்பாக்கி போலீஸ் ஸ்டேசனுக்குப் போனது. தம்பி மகன் தன் பேருக்குக் கேட்டு எழுதிப் போட்டான். அவன் நல்ல பிள்ளை. குடிப்பதில்லை, வம்புக்குப் போவதில்லை. மக்காச்சோளத்தைப் பன்றி தின்கிறது, மோட்டார் வயரைக் கூட்டமாக வந்து அறுத்துக்கொண்டு போகிறார்கள். இன்னொரு காட்டில் தடுத்தவரை அடித்துப் போட்டிருக்கிறார்கள். அவன் பயம் பொய்ப் பயம் இல்லை. அடிக்க வருகிறவனிடமிருந்து உயிரைக் காப்பாற்றிக்கொள்ள யாருக்கும் பாத்தியம் உண்டு, நான் இல்லையென்று சொல்லவில்லை.

அப்பா வழி வந்த துப்பாக்கி என்பதால் வாரிசுகளில் என்னையும் கேட்க வேண்டுமென்று சூலக்கரைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி எழுதிக்கொண்டே, "ஆட்சேபணை ஏதும் இல்லையேம்மா?" என்றார்.

"உண்டு" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன, சொத்துத் தகராறா?" என்றார். தலையை ஆட்டினேன். "தம்பி மகன் கெட்ட பழக்கம் உள்ளவரா?" அதற்கும் இல்லையென்று ஆட்டினேன். "அப்ப என்னன்னு சொல்லுங்க."

"சொல்ல வரலைங்க. ஆனா உண்டு."

திரும்பி வரும் சிவகாசி பஸ்ஸில் தம்பி மகன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினான். "ஊரு முன்னால அசிங்கப்படுத்திட்டீகளே அத்தே. தாத்தா மாதிரி ஆயிருவேன்னு பயமா? தாத்தா செஞ்சது தப்பில்லன்னு கோர்ட்டே சொல்லிருச்சு. வெட்ட வந்தவனத்தான் சுட்டாரு."

நான் சன்னலைப் பார்த்தேன்.

"எடுத்ததும் ஆளுமேல சுட நான் என்ன கிறுக்கனா? மொதல்ல மேல பாத்து ஒரு வெடி. ஓடுறவன் ஓடட்டும்."

"எங்கிட்டு ஓடுவான்?" என்றேன்.

"எங்கிட்டோ ஓடட்டும். இது என்ன கேள்வி?"

ஆமத்தூர் தாண்டியிருப்போம். அப்போது கேட்டது. சோதனைக்கு வெடித்துப் பார்க்கிற சத்தம் இல்லை, அது நமக்குப் பழகிப்போனது. இது அடி வயிற்றில் கேட்கிற சத்தம். பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பியது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். பூக்கூடைக்காரி ஒருத்தி எழுந்தேவிட்டாள். தம்பி மகனைப் பக்கத்தில் காணோம். எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போய்ப் படியில் நின்றான். ஒரு கால் ரோட்டில் இருந்தது. அவன் சம்சாரம் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி அந்தப் பக்கம்தான்.

யாரோ செல்போனில் கேட்டுச் சொன்னார்கள். "குவாரியில வெடி வச்சிருக்கானாம். கம்பெனி இல்ல, கம்பெனி இல்ல." பூக்கூடைக்காரி உட்கார்ந்தாள். கண்டக்டர், "ஏறுங்க தம்பி, பஸ் எடுக்கணும்" என்று தோளைத் தொட்டார். அப்போதும் அவன் ரோட்டில் வைத்த காலை எடுக்கவில்லை. மறுபடி சொன்ன பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பஸ் நகர்ந்த பிறகு கேட்டான். "அந்தப் புல்லுக்காரரு அன்னைக்கு எங்க போகப் பாத்தாரு அத்தே?"

"இப்ப நீ எங்க போகப் பாத்த?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சன்னல் வழியாக அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். ஊர் வந்ததும் இறங்கி எனக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டான்.

துப்பாக்கி இன்னும் ஸ்டேசனில்தான் இருக்கிறது. வீட்டில் மற்றவர்கள் என்னோடு பேசாமல் இருப்பது கோபத்தில். அவனும்தான் பேசவில்லை. ஆனால் அது கோபம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நேற்றுச் சாயங்காலம் அவன் சம்சாரம் கம்பெனி வேனிலிருந்து இறங்கும் மட்டும் ரோட்டிலேயே நின்றிருந்தான்.